கர்ரியிலும் ரெயின்போ பீச்சிலும் வண்டி மக்கர் செய்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

கர்ரி (பழைய பெயர் ஃப்ரேசர் தீவு), ரெயின்போ பீச், இன்ஸ்கிப் முனை, டீவா கடற்கரை என்று ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தின் கிரேட் சாண்டி தேசியப் பூங்காப் பக்கம் கூடாரத்தோடு போகிறவர்களின் வண்டிகளுக்கு வருகிற கோளாறுகள் திரும்பத் திரும்ப அதே ஏழெட்டுதான். கூட்டமாகப் போனால் ஒருவர் வண்டிக்கு அடியில் படுத்திருப்பார், மற்ற எல்லோரும் சுற்றி நின்று யோசனை சொல்வார்கள். அந்த யோசனைகளில் பலித்தவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

வண்டியில் கோளாறு என்று நாம் பயப்படுவதில் முக்கால்வாசி, டயரில் காற்று அதிகம், கியர் தப்பு, கடல் ஏற்ற நேரம் பார்க்கவில்லை என்ற மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். அதனால் ஒவ்வொரு அறிகுறியின் கீழும் காசே ஆகாத சோதனை முதலில் வரும், பர்ஸைக் கரைப்பது கடைசியில் வரும். வரிசையைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

அறிகுறி 1: சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை

ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். இதைச் சொல்வது சுலபம், அந்த நேரத்தில் செய்வது கஷ்டம். இன்னும் கொஞ்சம் மிதித்தால் ஏறிவிடும் என்று தோன்றும். ஒவ்வொரு மிதிக்கும் சக்கரம் தனக்குத்தானே குழி பறித்துக்கொள்ளும். ஐந்து நிமிடத்தில் முடிய வேண்டிய வேலை ஒரு மணி நேரமாவது இந்த இடத்தில்தான்.

இறங்கி, வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். எது சுற்றியது, எது எவ்வளவு புதைந்திருக்கிறது, வண்டியின் வயிறு மணலில் உட்கார்ந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு, கீழே உங்களுக்குப் பொருந்தும் கிளைக்குப் போங்கள்.

வயிறு மணலைத் தொடவில்லை என்றால்

முதல் சந்தேகம் டயர் காற்று. தார்ச்சாலைக்கு ஏற்ற 35, 38 பிஎஸ்ஐயோடு மணலில் இறங்கியிருந்தால் வேறு எதையும் ஆராய வேண்டாம். பெரும்பாலான வண்டிகளுக்கு மணலில் 18 பிஎஸ்ஐ நல்ல தொடக்கம். நாலு டயரையும் ஒரே அளவுக்கு இறக்குங்கள். டிரெய்லர் இருந்தால் அதன் டயர்களையும் இறக்க வேண்டும். இதை மறப்பவர்கள்தான் அதிகம், அப்புறம் டிரெய்லர் பின்னால் நங்கூரம் போட்டதுபோல் இழுத்துப் பிடிக்கும்.

ஏற்கெனவே 18 என்றால் 15-க்கு இறக்குங்கள். ஒரு விஷயம்: நெடுஞ்சாலையில் ஓடிச் சூடான டயரில் 18 வைத்திருந்தால், ஆறியதும் அது அதைவிடக் குறைவாகக் காட்டும். மதியம் வெயிலில் நேரெதிர். அதனால் மானி என்ன சொல்கிறது என்பதோடு எப்போது பார்த்தீர்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். 12 என்பது கடைசி மருந்து. வெளியே வருவதற்கு மட்டும், நடை வேகத்தில், ஸ்டியரிங்கை ஒடிக்காமல். வெளியே வந்ததும் மறுபடி 18.

அடுத்து, வந்த வழியே பின்னால் எடுத்துப் பாருங்கள். நீங்கள் வந்த தடம் ஏற்கெனவே அழுத்தப்பட்ட மணல், முன்னால் இருப்பது புது மணல். முன்னால்தான் போவேன் என்று அடம்பிடிப்பதில் லாபமில்லை. ஒரு மீட்டர் பின்னால், ஒரு மீட்டர் முன்னால் என்று மெதுவாக ஆட்டி ஆட்டித் தடத்தை நீட்டிக்கொண்டே போனால் பல சமயம் அதிலேயே கிளம்பிவிடும்.

அப்புறம் கியர். ஆழமான மணலில் 4எல், அதாவது ஃபோர் வீல் டிரைவின் லோ ரேஞ்ச் (வேகம் குறைவு, இழுவை அதிகம்). மேனுவல் வண்டியில் இரண்டாவது கியரில் கிளம்புங்கள். டிராக்ஷன் கன்ட்ரோல் ஆனில் இருந்தால், சக்கரம் வழுக்குகிறது என்று நினைத்து இன்ஜின் சக்தியைக் குறைத்துவிடும். மிதித்தும் வண்டி முக்கிக்கொண்டு நிற்பதுபோல் இருந்தால் காரணம் அதுவாக இருக்கலாம். அணைத்துவிடுங்கள். சில வண்டிகளில் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால்தான் முழுதாக அணையும்.

ஒரு சக்கரமோ இரண்டு சக்கரமோ மட்டும் சுற்றுகிறது என்றால்

ஃபோர் வீல் டிரைவ் உண்மையில் சேரவில்லை. டாஷ்போர்டில் விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தால் சேரப்பார்க்கிறது, இன்னும் சேரவில்லை என்று பொருள். நியூட்ரலுக்குப் போய் மறுபடி போடுங்கள், முடிந்தால் நேராக ஓரடி உருளவிடுங்கள். பழைய வண்டியாக இருந்து முன் சக்கர மையத்தில் கையால் திருப்பும் ஹப் இருந்தால், இரண்டு பக்கமும் லாக்கில் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் திருப்பிவிட்டு மறுபக்கம் மறந்த வண்டி நிறைய உண்டு. இது எல்லாம் சரியாக இருந்தும் முன் சக்கரம் அசையவில்லை என்றால் ஃபியூஸ், அதற்கப்புறம் வேக்யூம் குழாய் அல்லது ஆக்சுவேட்டர். ஆக்சுவேட்டர் மெக்கானிக் வேலை, கடற்கரையில் கழற்றாதீர்கள்.

வயிறு மணலில் உட்கார்ந்துவிட்டது என்றால்

இனி காற்றும் கியரும் மட்டும் போதாது. வண்டியின் எடை சக்கரத்தில் இல்லை, அடித்தட்டில் இருக்கிறது. தோண்டத்தான் வேண்டும். சக்கரத்துக்கு முன்னால் மட்டும் தோண்டிவிட்டு வண்டியை எடுக்கப் பார்ப்பது வீண்; டிஃபரன்ஷியலுக்கும் சேஸிஸுக்கும் அடியில் இருக்கும் மணலை முதலில் இழுத்து வெளியே போடுங்கள். நீளக் கைப்பிடி மண்வெட்டியின் அருமை அப்போது தெரியும். பிறகு ஒவ்வொரு சக்கரத்துக்கும், போகப்போகும் பக்கமாக, சரிவுப் பாதை வெட்டுங்கள்.

மேக்ஸ்டிராக்ஸ் என்று எல்லோரும் சொல்லும் ரெக்கவரி பலகைகளை அந்தச் சரிவில், டயரின் அடிக்குள் நன்றாகத் திணித்து வையுங்கள். டயரின் முகம் பலகையின் பற்களைக் கடிக்க வேண்டும். மெதுவாக, சக்கரம் சுற்றாமல் ஏறுங்கள். பலகை மேல் சக்கரத்தைச் சுற்றவிட்டால் பற்கள் உருகி வழவழப்பாகிவிடும், அப்புறம் அது வெறும் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக். பலகைக்குப் பின்னால் ஆள் நிற்கக்கூடாது, பறந்து வரும்.

ஸ்னாட்ச் ஸ்டிராப் (நீண்டு சுருங்கும் மீட்புப் பட்டை) போட்டு இழுக்க வேண்டும் என்றால்

உதவ வருகிற அடுத்த வண்டிக்காரர் முதலில் கேட்பது இதைத்தான். கடைசியில் செய்ய வேண்டியதும் இதுதான். தோண்டாமல் இழுப்பதுதான் பட்டையையும் வண்டியையும் ஆளையும் பதம் பார்க்கிறது.

டோ பாலில் (டிரெய்லர் மாட்டும் உருண்டையில்) மாட்டவே கூடாது. அந்த உருண்டை உடைந்து பறந்து ஆஸ்திரேலியாவில் உயிர்கள் போயிருக்கின்றன. கப்பலிலோ லாரியிலோ வண்டியைக் கட்டிவைக்கத் தொழிற்சாலையில் வைத்த வளையமும் இழுக்கும் இடமல்ல. இழுப்பதற்கென்றே பொருத்திய தரமான ரெக்கவரி பாயின்ட் வண்டியில் இல்லை என்றால் இந்தக் கிளையே உங்களுக்கு இல்லை, நேராகத் தொழில்முறை ஆளைக் கூப்பிடுங்கள். இருக்கிறது என்றால்: பட்டையின் தாங்கும் வலு இரண்டில் எடை குறைந்த வண்டியின் மொத்த எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு இருக்க வேண்டும், பட்டை அறுந்தால் பறக்காமல் அமுக்க நடுவில் டாம்பர் போர்வை போட வேண்டும், பட்டையில் இரண்டு மூன்று மீட்டர் தளர்வு விட வேண்டும், ஓட்டுகிற இருவரைத் தவிர மற்றவர்கள் பக்கவாட்டில் வெகுதூரம் தள்ளி நிற்க வேண்டும். இரண்டு முறை இழுத்தும் வரவில்லை என்றால் மூன்றாவது முறை இன்னும் வேகமாக இழுப்பது தீர்வு இல்லை. இன்னும் தோண்ட வேண்டும் என்று அர்த்தம்.

இந்த அறிகுறியே வராமல் இருக்க ஒரே ஒரு வார்த்தை. இன்ஸ்கிப் முனையில் பார்ஜுக்கு (வண்டிகளைத் தீவுக்கு ஏற்றிச் செல்லும் படகுக்கு) போகும் மணல்பாதை, வண்டிகள் உழுது உழுது மாவாகக் கிடக்கும். முன்னால் போகும் வண்டி தடுமாறுவதைப் பார்த்துவிட்டுக் காற்றை இறக்கலாம் என்று காத்திருக்காமல், தார் முடியும் இடத்திலேயே இறக்கிவிடுங்கள். நிறுத்தும்போது பிரேக்கை மிதித்தால் டயருக்கு முன்னால் மணல் குவியும். தானாக உருண்டு நிற்கவிடுங்கள், முடிந்தால் சரிவைப் பார்த்தபடி.

அறிகுறி 2: வண்டி ஈர மணலில் சிக்கியது, கடல் ஏறுகிறது

இதற்கு மட்டும் வரிசை தலைகீழ். முதலில் கடிகாரம், பிறகு வண்டி.

பூங்கா நிர்வாகம் சொல்வது, உயர் ஏற்றத்துக்கு (கடல் மட்டம் உச்சத்தில் நிற்கும் நேரத்துக்கு) முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் கடற்கரையில் ஓட்டாதே என்று. ஏற்றம் தினமும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும் என்பதால் நேற்று சரியாக இருந்த நேரம் இன்று உதவாது. உயர் ஏற்றத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் இருந்தால் அறிகுறி 1-இல் சொன்னதை நிதானமாகச் செய்யலாம். அதற்குள் என்றால், தோண்ட ஆரம்பிக்கும் அதே நிமிடம் ஒருவர் உதவிக்குக் கூப்பிட வேண்டும். யூஎச்எஃப் ரேடியோவில் 40-ஆவது சேனலில் சாலையில் போகிற வண்டிகள் கேட்டுக்கொண்டிருக்கும், பக்கத்தில் யாராவது இருப்பார்கள்.

அலை வந்து போகும்போது டயருக்கு அடியில் மணலை உறிஞ்சிக்கொண்டு போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு அலைக்கு ஒரு விரல்கடை இறங்கும். தோண்டுகிற வேகத்தை அது ஜெயித்துவிட்டது என்று தெரிந்தால் ஆட்கள், போன், மருந்து, தண்ணீர் இவற்றை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போய்விடுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் அவசர எண் 000. போனில் எமர்ஜென்சி பிளஸ் செயலி இருந்தால் நீங்கள் நிற்கும் இடத்தை அதுவே காட்டும்; கிலோமீட்டர் கணக்கில் ஒரே மாதிரி இருக்கும் கடற்கரையில் இடம் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது கூப்பிடும்போதுதான் புரியும்.

கடற்கரையில் இருந்து வண்டியை மீட்டுத் தரும் ஆட்களுக்கான செலவு நூறுகளில் ஆரம்பித்து ஆயிரங்களுக்குப் போகும். இன்சூரன்ஸ் கடற்கரையில் ஓட்டுவதை ஏற்கிறதா என்று வீட்டிலேயே படித்துப் பாருங்கள். வாடகை வண்டி என்றால் இன்னும் கவனம், பல ஒப்பந்தங்கள் மணலில் இறங்கவே விடாது.

அறிகுறி 3: வெப்பமானி முள் ஏறுகிறது

ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்து, வண்டியின் முகத்தைக் காற்று வீசும் பக்கம் திருப்பி நிறுத்துங்கள். ஆவி வரவில்லை, ஃபேன் ஓடுகிறது என்றால் இன்ஜினை உடனே அணைக்காமல் சும்மா ஓடவிடுங்கள். ஆவி வந்தால் உடனே அணையுங்கள்.

டயர் காற்று அதிகம் இருந்தால் இன்ஜின் வீணாக உழைக்கும், அதுதான் முதல் காரணம். தீவின் உள்பாதைகளில் ஹை ரேஞ்சிலேயே ஊர்ந்துகொண்டிருப்பது இரண்டாவது. ஆட்டோமேட்டிக் வண்டிகளில் கியர்பாக்ஸ் எண்ணெய் கொதித்து அதற்கென்று தனி விளக்கு எரியும். லோ ரேஞ்சுக்கு மாறினாலே இறங்கிவிடும். மூன்றாவது, ரேடியேட்டர் முகத்தில் புல் விதையும் பூச்சியும் அடைத்திருப்பது. பின்னாலிருந்து முன்னால் பார்த்து, அழுத்தம் குறைந்த தண்ணீரால் கழுவ வேண்டும்; வேகமாகப் பாய்ச்சினால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

கூலன்ட் அளவைப் பார்க்க இன்ஜின் நன்றாக ஆறும் வரை மூடியைத் தொடாதீர்கள். ஊற்றிய பிறகும் திரும்பத் திரும்பக் குறைகிறது, எங்கும் ஒழுகவில்லை, சைலன்சரில் வெள்ளைப் புகை வருகிறது என்றால் இன்ஜினுக்குள் இருக்கும் ஹெட் கேஸ்கெட் என்ற அடைப்புத் தகடு போய்விட்டது. அந்த வண்டியை ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாமல் இழுத்துச் செல்லும் வண்டியை வரவழையுங்கள்.

அறிகுறி 4: டயர் ரிம்மை விட்டு இறங்கிவிட்டது

15 பிஎஸ்ஐயில் ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பினால் இது நடக்கும். டயர் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும், உள்ளே மணல் போயிருக்கும், அவ்வளவுதான்.

ஜாக்கை மணலில் நேரடியாக வைத்தால் வண்டி ஏறாது, ஜாக் இறங்கும். அகலமான பலகை அடியில் வேண்டும். தூக்கிய பிறகு டயர் ரிம்மில் உட்காரும் விளிம்பை ஈரத் துணியால் சுற்றிலும் துடைத்துவிட்டுச் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். வால்வின் உள்ளே இருக்கும் குட்டி ஊசியை (வால்வ் கோர்) கழற்றிவிட்டுக் காற்றடித்தால் வேகமாகப் போகும். டயர் முகத்தைச் சுற்றி ராட்செட் பட்டையைப் போட்டு இறுக்கினால் விளிம்பு வெளியே விரிந்து ரிம்மைப் பிடிக்கும். கொஞ்சம் பிடித்ததும் பட்டையைத் தளர்த்திவிடுங்கள். "டப்" என்று சத்தம் கேட்டால் உட்கார்ந்துவிட்டது. அந்த ஊசியை மறுபடி மாட்டி அளவைச் சரிசெய்யுங்கள். ஸ்பிரேயை அடித்துத் தீ வைத்து ஏற்றும் வித்தையை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். வேண்டாம்.

ரிம் வளைந்திருந்தாலோ, டயரின் பக்கச்சுவர் கிழிந்திருந்தாலோ ஸ்டெப்னி. பக்கச்சுவருக்குப் பிளக் அடித்து நெடுஞ்சாலையில் ஓட்ட நினைக்காதீர்கள்.

அறிகுறி 5: தார்ச்சாலைக்கு வந்ததும் ஸ்டியரிங் நடுங்குகிறது, அல்லது வண்டி திருப்பத்தில் முறுக்கிக்கொள்கிறது

இரண்டும் வேறு வேறு. முறுக்கிக்கொண்டால் ஃபோர் வீல் டிரைவ் இன்னும் விடுபடவில்லை. நேராகச் சில மீட்டர் பின்னால் போனால் இறுக்கம் தளர்ந்து, இரண்டு சக்கரங்களை மட்டும் ஓட்டும் 2எச் விழும்.

நடுக்கம் என்றால் முதலில் காற்று. 18-இல் நெடுஞ்சாலை வேகம் போனால் டயர் சூடாகி உள்ளே பிரிந்துபோகும், நடுக்கம் அதற்கு முந்திய எச்சரிக்கை. காற்று சரியா? ரிம்மின் உள்பக்கம் கையை விட்டுப் பாருங்கள், ஈர மணல் கட்டியாக ஒட்டிக் காய்ந்திருக்கும். அடுத்தது வீல் நட்டுகள். உள்பாதைகளின் குலுக்கலில் தளரும். இவை எதுவும் இல்லாமல் ஒரு சக்கரத்தின் மையம் மட்டும் தொட முடியாத அளவு சுடுகிறது, உறுமல் சத்தம் கேட்கிறது என்றால் பேரிங். டிரெய்லருக்கும் இதே சோதனை, அதற்குத்தான் அதிகம் வரும்.

கடலுக்குப் போகும் ஓடைத் தண்ணீர் கடற்கரை மணலில் வெட்டிய படியில் வேகமாக விழுந்த பிறகு முன்பக்கம் "டொக் டொக்" என்று தட்டினால், ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிகிறதா என்று பாருங்கள். கர்ரியின் கிழக்குக் கடற்கரையில் மணிக்கு 80 கிலோமீட்டர் வரை போகலாம் என்பது சட்டம் தரும் எல்லை. காலை வெளிச்சத்தில் அந்தப் படிகள் 80-இல் கண்ணுக்குத் தெரியாது. தட்டும் சத்தத்தோடு ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தால் ஊர் திரும்பும் பயணத்துக்கு முன் மெக்கானிக் பார்த்தாக வேண்டும்.

அறிகுறி 6: ராத்திரி ஃபிரிட்ஜ் நின்றுவிட்டது

இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். ஃபிரிட்ஜ் உடனே உயிர் பெற்றால் ஃபிரிட்ஜ் நல்லாயிருக்கிறது, மின்சாரம்தான் வரவில்லை.

சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகியிருந்தால் சந்தேகம் அங்கேதான். குலுக்கலில் அது அரை மில்லிமீட்டர் வெளியே வந்திருக்கும், அல்லது உள்ளே மணல். செருகியை எடுத்துத் துடைத்து, திருகி அழுத்துங்கள். செருகி சுடுகிறது என்றால் இணைப்பு மோசம். ஃபிரிட்ஜின் குறைந்த மின்னழுத்தப் பாதுகாப்பு "ஹை"யில் இருக்கிறதா என்றும் பாருங்கள். மெல்லிய ஒயரில் வருவதற்குள் மின்னழுத்தம் குறைந்து, பேட்டரியில் சக்தி இருந்தும் ஃபிரிட்ஜ் தானே அணைந்துவிடும். தனி இரண்டாவது பேட்டரியில் ஓடினால் "லோ"வில் வைக்கலாம். ஸ்டார்ட்டர் பேட்டரியில் ஓடினால் "ஹை"யை மாற்றாதீர்கள், விடிந்ததும் வண்டி கிளம்ப வேண்டும்.

மல்டிமீட்டர் இருந்தால் பேட்டரி முனையில் ஒரு அளவு, ஃபிரிட்ஜ் ஓடும்போது அதன் செருகியில் ஒரு அளவு. இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் என்றால் ஒயர் அல்லது இணைப்பு. பேட்டரியிலேயே குறைவு என்றால், ஏஜிஎம் வகை லெட் ஆசிட் பேட்டரிக்கு ஓய்வில் ஏறக்குறைய 12.8 வோல்ட் நிறைவு, 12.2 பாதி. நாள் முழுக்க ஓட்டியும் ஏறவில்லையா? ஃபியூஸ், பிறகு ஆண்டர்சன் பிளக் (பேட்டரி ஒயர்களை இணைக்கும் தடித்த செருகி), பிறகு சார்ஜர். புது வண்டிகளின் ஆல்டர்னேட்டர் தன் இஷ்டத்துக்கு மின்னழுத்தத்தைக் குறைக்கும். அந்த மின்னழுத்தத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிசி டிசி சார்ஜர் இல்லாமல் இரண்டாவது பேட்டரி நிறையாது. அதைப் பொருத்துவது ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலை. லித்தியம் பேட்டரியைப் பழைய ரிலே வழியாக நீங்களே இணைக்காதீர்கள்.

அறிகுறி 7: ஸ்மார்ட் சாவியை வண்டி கண்டுகொள்ளவில்லை

சாவியோடு குளித்தீர்களா? பெரும்பாலும் ஆம். சாவிக்குள் ஒளிந்திருக்கும் உலோகச் சாவியால் கதவைத் திறந்து, சாவியை ஸ்டார்ட் பொத்தானை ஒட்டிப் பிடித்து அழுத்துங்கள். பல வண்டிகளில் பேட்டரி செத்த சாவிக்கும் இது வேலை செய்யும். உப்புத் தண்ணீர் சாவிக்குள் இருக்கும் சர்க்யூட் பலகையையே அரித்திருந்தால் செய்யாது. மாற்றுச் சாவியை வேறொருவர் பையில் வைப்பது இதற்குத்தான்.

அறிகுறி 8: கூடாரத்தைச் சுற்றி டிங்கோ (ஆஸ்திரேலியக் காட்டுநாய்) வருகிறது

இது வண்டிக் கோளாறு இல்லை. ஆனாலும் காரணம் தேடும் முறை அதேதான்: எளியதிலிருந்து.

வெளியே என்ன விட்டீர்கள் என்று பாருங்கள். சாப்பாடு மட்டுமில்லை. தூண்டில் இரை, குப்பைப் பை, பற்பசை, காலி ஐஸ் பெட்டி, எல்லாம் மணக்கும். கூடாரத்துக்குள் வைத்தால் கூடாரம் கிழியும். பூட்டிய வண்டிக்குள்ளோ பூட்டிய கெட்டிப் பெட்டிக்குள்ளோ வையுங்கள். சாப்பாடு போடுவது சட்டப்படி குற்றம், அபராதம் கடுமை.

நேருக்கு நேர் வந்தால் ஓடாதீர்கள். நிமிர்ந்து நின்று, கைகளை மார்பில் கட்டி, அதைப் பார்த்தபடியே மெதுவாகப் பின்வாங்குங்கள். குழந்தைகள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும்; பதினாலு வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால் வேலி போட்ட முகாம் இடத்தைப் பதிவு செய்யுங்கள். உறுமினாலோ, துரத்தினாலோ, திரும்பத் திரும்ப வந்தாலோ நீங்களே சமாளிக்கப் பார்க்காமல், நேரத்தையும் இடத்தையும் முடிந்தால் காதுப் பட்டையின் நிறத்தையும் குறித்துக்கொண்டு ரேஞ்சரிடம் சொல்லிவிடுங்கள்.